ஒன்றேகால் ரூபாய் அபராதம்

கேள்வி: எங்கள் ஊரில் 120 தலைக்கட்டு, எல்லாரும் ஒரே சாதி. என் தங்கை திருப்பூரில் தன்னோடு வேலை பார்த்த பட்டியல் சாதிப் பையனைப் போன வருடம் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அப்பா ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. அப்புறம் மனம் இளகி, இந்தப் பொங்கலுக்கு இருவரையும் வரச்சொன்னார். அம்மா நடுவீட்டில் இலை போட்டுப் பரிமாறினாள். அடுத்த வாரமே ஊர்க்கூட்டம். "கட்டிக்கிட்டுப் போனது அவ பாடு. நடுவீட்டுல உக்கார வச்சு சோறு போட்டது ஊரையே கேவலப்படுத்துன மாதிரி" என்று சொல்லி 50,000 ரூபாய் தண்டம் போட்டார்கள். சபையில் விழுந்தும் கும்பிட வேண்டுமாம். அப்பா மறுத்தார், தள்ளிவைத்துவிட்டார்கள். எங்களோடு பேசுகிறவர்களுக்கு 5,000 அபராதம். மளிகைக் கடையில் சாமான் தருவதில்லை. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்க மறுக்கிறார்கள். பெரியப்பா இறந்ததைக் கேள்விப்பட்டுப் போன அப்பாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சித்தப்பா மட்டும் இருட்டிய பிறகு கொல்லைப்பக்கமாக வந்து பால் வைத்துவிட்டுப் போகிறார். "ஊரே சேர்ந்து சொல்லும்போது நம்ம பக்கம்தான் தப்போ என்னவோ, கட்டிட்டு விழுந்துடறேன்" என்கிறார் அப்பா. கட்டலாமா? சட்டத்தில் வழி உண்டா?
(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்:

சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் கட்ட வேண்டாம். அப்பா தனியாகச் சபைக்குப் போகவும் வேண்டாம். தங்கையும் மாப்பிள்ளையும் கொஞ்ச நாளைக்கு ஊர்ப்பக்கம் வராமல் இருக்கட்டும். இந்த மாதிரி விவகாரங்களில் கோபம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

சட்டத்துக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அப்பாவின் கேள்விதான். ஊரே சேர்ந்து சொன்னால் அதில் நியாயம் இல்லாமலா இருக்கும்?

என் தாத்தா எங்கள் ஊரில் ஊர்க்கணக்கு எழுதியவர். ராமநாதபுரம் சீமை, கண்மாய்ப் பாசனம். அவருடைய நோட்டு ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அபராத வரவு என்று ஒரு பக்கம். 'ராத்திரியில் மடை திறந்ததுக்கு ரூ. 5.' 'கம்மாய்க்குள் மரம் வெட்டினதுக்கு ரூ. 3.' அதற்கு அடுத்த வரி: 'தள்ளிவச்ச வீட்டில் நெருப்பு வாங்கினதுக்கு ரூ. 2.' அதே மை, அதே கையெழுத்து. அடுப்புப் பற்றவைக்கக் கங்கு வாங்கிப் போன ஏதோ ஒரு பெண்மணிக்கு இரண்டு ரூபாய். என் தாத்தா நல்ல மனிதர். மடை திருடியவனும் கங்கு வாங்கியவளும் அவர் கண்ணுக்கு ஒரே கணக்காகத்தான் பட்டிருக்கிறார்கள்.

ஆகவே ஊர்க்கட்டுப்பாடு என்றாலே அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எனக்குத் தெரிந்து பல பத்து வருடமாக இதுதான் நடைமுறை. அதுவும் ஊர் போட்ட கட்டுதான். ஆனால் அந்தக் கட்டின் பாரம் எல்லா வீட்டுப் பிள்ளைகள் மேலும் ஒரே மாதிரி விழுகிறது. காரணம் கேட்டால் சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். உங்கள் ஊர்க்காரர்களிடம், உங்கள் நடுவீட்டில் யார் சாப்பிட்டால் அவர்களுக்கு என்ன நட்டம் என்று கேட்டுப் பாருங்கள். 'வழக்கம்' என்பதற்கு மேல் பதில் வராது.

அப்படியானால் இப்படி ஒரு கட்டு எப்படி நிற்கிறது? 120 வீட்டில் ஒரு வீட்டுக்குக்கூட மனசு கேட்கவில்லையா? கேட்டிருக்கிறது, சித்தப்பா பால் கொண்டுவருகிறாரே. பிறகு ஏன் கொல்லைப்பக்கமாக?

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1888-இல் பம்பாயில் மோத் பனியா சாதிக்கூட்டம் 18 வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு விசாரித்தது. கடல் தாண்டிச் சீமைக்குப் படிக்கப் போகிறேன் என்றான், போகக் கூடாது என்றார்கள். சாதிக்காரர்கள் இதில் தலையிடக் கூடாது என்று பதில் சொன்னான். தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. இவனை இன்றிலிருந்து சாதியை விட்டுத் தள்ளுகிறோம் என்று அறிவித்தார். அத்தோடு விடவில்லை. இவனுக்கு உதவி செய்கிறவர்களுக்கும், துறைமுகத்துக்குப் போய் வழியனுப்புகிறவர்களுக்கும் ஒரு ரூபாய் நாலணா, அதாவது ஒன்றேகால் ரூபாய், அபராதம் என்றார். பையன் பெயர் மோகன்தாஸ் காந்தி.

சாதியை விட்டுத் தள்ளியது அந்தப் பையனை அசைக்கவில்லை. வேலை செய்தது ஒன்றேகால் ரூபாய்தான். பயணத்துக்கான பணம் அவருடைய மைத்துனரிடம் இருந்தது. கேட்டபோது, நான் சாதிக்குப் பயந்தாக வேண்டும் என்று சொல்லித் தர மறுத்துவிட்டார் மைத்துனர். கடைசியில் ஒரு நண்பரிடம் கடன் வாங்கித்தான் காந்தி கப்பலேறினார். 1891-இல் திரும்பி வந்ததும், அண்ணன் அவரை நாசிக்குக் கூட்டிப்போய் ஆற்றில் முழுகவைத்து, ராஜ்கோட்டில் சாதி விருந்தும் வைத்தார். ஒரு பிரிவு சேர்த்துக்கொண்டது, இன்னொரு பிரிவு சேர்த்துக்கொள்ளவே இல்லை. மாமனார் வீட்டிலோ அக்கா வீட்டிலோ அவர் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. யாருக்கும் தெரியாமல் குடித்துக்கொள் என்று அவர்கள் சொன்னார்கள். எல்லார் முன்னும் செய்ய முடியாததைத் திருட்டுத்தனமாகச் செய்ய மனம் ஒப்பவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த வீட்டாரும் உங்கள் சித்தப்பா மாதிரிதான்: பாசம் குறையவில்லை, பயம் அதைவிடக் கூடுதல்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒரு ஊர் ஒரு வீட்டைத் தள்ளிவைப்பது முதல் அபராதத்தால் அல்ல, இரண்டாவது அபராதத்தால். அப்பாவுக்குப் போட்ட 50,000 வெறும் வார்த்தை. அவர் கட்டவில்லை, அவர்களாலும் வாங்க முடியவில்லை. மளிகைக்காரருக்கும் சித்தப்பாவுக்கும் தொங்கவிட்டிருக்கிற 5,000-தான் உண்மையான கயிறு. அதை அறுத்துப் பாருங்கள், ஒரே மாதத்தில் பாதி ஊர் உங்கள் வாசலில் வந்து நின்று வெற்றிலை கேட்கும்.

இது ஏதோ என் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். ராபர்ட் ஆக்செல்ராட் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1986-இல் இதைக் கணினியில் விளையாட்டாக ஓட்டிப் பார்த்தார். தப்பு செய்தவனைத் தண்டிக்கலாம் என்ற விதி மட்டும் இருந்தால், நாளாக நாளாகத் தண்டிப்பதற்கு ஆளில்லாமல் போய்விடுகிறது. ஊர்வம்பு நமக்கு எதற்கு என்று அவரவர் ஒதுங்கிவிடுகிறார்கள். தண்டிக்காமல் விட்டவனையும் தண்டிக்கலாம் என்று இன்னொரு விதி சேர்த்ததும் கட்டுப்பாடு குலையாமல் நிலைத்துவிடுகிறது. இதில் எனக்குக் கலக்கமான சங்கதி என்னவென்றால், அந்த இரண்டாவது விதிக்கு நியாயம் அநியாயம் தெரியாது. மடைத் தண்ணீரையும் அதுதான் காக்கும், நடுவீட்டுத் தீட்டையும் அதுதான் காக்கும். எனவே 'ஊரே சொல்கிறது' என்பது ஊர் ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சி ஆகாது. 5,000 ரூபாய்க்குப் பயந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குத்தான் அத்தாட்சி. இதை அப்பாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள். சித்தப்பா கொண்டுவரும் பாலைக் காட்டியே சொல்லுங்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எதிர்வீட்டுக்காரர் உங்களோடு பேசாமல் இருப்பது குற்றமில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காததும் குற்றமில்லை. 'எங்களோடு யாரும் பேசுவதில்லை' என்று மட்டும் மனு எழுதினால் ஸ்டேஷனில் சிரித்து அனுப்பிவிடுவார்கள், அவர்கள் சிரிப்பதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கும். யாரும் பேசக் கூடாது என்று கூட்டம் போட்டு ஆணையிடுவதும், பேசினால் பணம் பிடுங்குவதும், காலில் விழச் சொல்வதும்தான் குற்றம். ஆகவே மனுவின் முதல் வரியே அந்த 5,000-ஆக இருக்கட்டும்.

இதற்கென்றே மகாராஷ்டிரா 2016-இல் தனிச் சட்டம் இயற்றியது, 2017-இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இத்தனைக்கும் இந்த யோசனை பழசு. வட்டமேசை மாநாட்டுக்குக் கொடுத்த பாதுகாப்புத் திட்டத்திலேயே அம்பேத்கர், 1922-ஆம் வருடத்து பர்மா சட்டம் ஒன்றை முன்மாதிரியாக வைத்து, சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்க வேண்டும் என்று கேட்டார். 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்கான மனுவிலும் மறுபடி கேட்டார். நிலமும் கடையும் கிணறும் ஒரு கூட்டத்தார் கையில் இருக்கும் ஊரில் அடியைவிடப் பெரிய ஆயுதம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் உங்கள் கையில் ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 7(2). தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்த ஒருவரை அவருடைய சொந்தச் சாதியாரே விலக்கி வைத்தால், அல்லது சாதிக்குள் அவருக்குள்ள உரிமையை மறுத்தால், அதில் பங்கெடுத்தவர்களுக்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அபராதம் 100-லிருந்து 500 ரூபாய்தான், அந்தக் காலத்துத் தொகை. பெரிய தண்டனை இல்லை என்பது உண்மை. ஆனால் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் இது. உங்கள் நிலைமைக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் பிரிவு வேறில்லை. கட்டிக்கொண்டு போனதற்கு இல்லை, நடுவீட்டில் உட்காரவைத்துச் சோறு போட்டதற்குத்தான் தண்டனை என்று அவர்களே சபையில் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். தங்கள் வாயாலேயே வழக்கை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வாசகத்தைக் கேட்டவர்கள் யார், எந்தத் தேதி, எந்த இடம் என்பதையெல்லாம் அப்பா மறப்பதற்குள் ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

ஸ்டேஷனில் ஒரு குழப்பம் வரும். பிசிஆர் என்பது மேலே சொன்ன 1955 சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம்தான், ஆனால் நம் பக்கம் 'பிசிஆர் கேஸ்' என்றால் 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். 'அது பட்டியல் சாதிக்காரங்கதானே போட முடியும், நீங்க எப்படி?' என்பார் எழுத்தர். வன்கொடுமைச் சட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. அதில் சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் 2015 திருத்தத்தால் குற்றமாகியிருக்கின்றன, ஆனால் அது பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு எதிராகச் செய்யப்படும்போதுதான். மாப்பிள்ளையைச் சாதி சொல்லித் திட்டியிருந்தால் அவர் தனியாகப் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுப்பது 1955 சட்டத்தில், அதன் 7(2)-க்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. பிரிவை மனுவிலேயே எழுதி அடிக்கோடு போட்டுவிடுங்கள்.

அடுத்தது பணம். தண்டம் கட்டு, இல்லையென்றால் இன்னது செய்வோம் என்று பயமுறுத்திப் பணம் வாங்குவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 308-ஆவது பிரிவின் கீழ் வரும் மிரட்டிப் பறித்தல். ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. யாராவது உங்களோடு பேசியதற்காக ஏற்கெனவே 5,000 கட்டியிருந்தால், இதில் முதல் சாட்சி அவர்தான். உங்கள் அப்பாவைவிட அவருடைய புகாருக்கு வலு அதிகம், ஏனென்றால் பணம் கைமாறிவிட்டது. அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். பெரும்பாலும் பெண்ணாக இருப்பார், ஏதோ அவசரத்துக்கு ஒரு டம்ளர் சர்க்கரை கொடுத்திருப்பார்.

கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் மாநிலத்திலிருந்து போன வழக்குதான். தெரிந்தும் தடுக்காத அதிகாரிகள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. 2018-இல் சக்தி வாகினி வழக்கில், சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களின் புகாரை வாங்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று உத்தரவு. எஸ்.பி., மாவட்டச் சமூகநல அலுவலர், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் அதில் இருக்க வேண்டும். தங்கையும் மாப்பிள்ளையும் தங்கள் பாதுகாப்புக்காகத் தனியாக ஒரு மனுவை அங்கே கொடுத்துவிடட்டும்.

உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் நெருக்கம் இருந்தால் பயப்பட வேண்டாம். இப்போது குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், அவர்கள் பதிந்து உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். கொடுத்ததும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். முதல் தகவல் அறிக்கை போட மறுத்தால் அதே புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். அங்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். புகார் அம்மா பேரில் இருந்தால் அவருக்கும் அதே சலுகைதான்.

சாட்சியம் சேர்ப்பதில் ஒரு சின்ன யோசனை. இந்த வருடத் தலைக்கட்டு வரியைக் கட்டத் தயாராக இருக்கிறோம், யாரிடம் எப்போது கட்டுவது என்று கேட்டு, ஊர்த் தலைவர் பெயருக்கு விரைவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். மரியாதையாக நாலு வரி போதும். அவர் வாங்கிப் பதில் எழுதினால் நல்லது. வாங்காவிட்டால் 'பெற மறுத்தார்' என்று எழுதி உறை திரும்பி வரும். அதைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். கோர்ட்டில் பத்து சாட்சி பேசுவதை அந்த ஒரு உறை பேசிவிடும்.

ரேஷன் கடை, தெருக்குழாய், பள்ளிக்கூடம், பால் சொசைட்டி இவற்றில் எங்காவது மறுத்தால் கதை வேறு. இவை ஊருக்குச் சொந்தமானவை அல்ல. தேதி, நேரம், மறுத்தவர் பெயர் மூன்றையும் குறித்து உடனே தாசில்தாருக்கோ அந்தத் துறைக்கோ எழுதிவிடுங்கள்.

வழக்கு சூடு பிடித்தால் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிடுவார்கள். போங்கள், அது நல்லதுதான். நானே பல வழக்கை அந்த மேசையில் முடித்திருக்கிறேன், கோர்ட்டில் முடித்ததைவிட நிம்மதியாக. ஆனால் எழுதிய தாளைப் படிக்காமல் கையெழுத்து வேண்டாம். 'இரு தரப்பும் இனி ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு' என்று ஒரு வரி நடுவில் நுழைந்திருக்கும். அந்த வரி போக வேண்டும். அதற்குப் பதிலாக, எந்த வீட்டோடும் யாரும் பேசலாம், பழகலாம், அதற்கு அபராதம் கிடையாது என்ற வரி வர வேண்டும். மன்னிப்புக் கேட்கச் சொல்லி மல்லுக்கட்டாதீர்கள். அது கிடைக்காது, கிடைத்தாலும் மனசிலிருந்து வராது. அந்த ஒரு வரி கிடைத்தால் போதும், மிச்சத்தை உங்கள் அக்கம்பக்கத்துப் பெண்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஏன் கட்ட வேண்டாம் என்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடத்துக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார், இதே மாதிரி விவகாரம். சனியன் தொலையட்டும் என்று 10,000 கட்டி விழுந்து எழுந்துவிட்டார். ஊர் கொடுத்த ரசீதில் 'கோயில் நன்கொடை' என்று எழுதியிருந்தது. இரண்டு வருடம் கழித்து இரண்டாவது மகள் விஷயத்தில் 25,000 கேட்டார்கள். "போன தடவை தப்புன்னு ஒத்துக்கிட்டுத்தானே கட்டுன?" கோர்ட்டுக்கு வந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ரசீதைத் தூக்கிக் காட்டி, இவர் மனமுவந்து கோயிலுக்குக் கொடுத்தார், ஊருக்கும் இவருக்கும் எந்த மனஸ்தாபமும் இல்லை என்றார். எனக்கு எழுந்து பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சித்தப்பாவைப் பற்றிக் கடைசியாக. அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிடத் தோன்றும். உடனே கூப்பிடாதீர்கள். அவருக்கும் அந்த ஊரில் நிலமும் கட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளைகளும் இருக்கும். முதலில், ஒருநாள் பகலில் வாசல் வழியாகப் பால் கொண்டுவர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கூட இன்னொருவர் வந்தால் வருகிறேன் என்று அவர் சொன்னால், அந்த இன்னொருவரைத் தேடுங்கள். ஒருவர் மட்டும் வந்தால் 5,000 கேட்பார்கள். நாலு வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று அவர்களுக்கே தெரியாது.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது தங்கையின் திருமணப் பதிவுச் சான்று, திரும்பி வந்த உறை, அப்பா எழுதிவைத்த தாள் மூன்றையும் எடுத்துப்போங்கள். ஊர்க்கூட்டத்துப் பேச்சு யார் போனிலாவது பதிவாகியிருந்தால் அந்தப் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் மட்டும் போதாது. மூலப் பதிவு இருக்கும் போனும், அதற்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழும் வேண்டியிருக்கும். சான்றிதழை வக்கீல் தயார் செய்துகொடுப்பார். போனைப் பத்திரமாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.